குக்கர் விசிலோடு ஒரு நன்றி

அந்த ஹெட்போனை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். காதில் படும் பஞ்சு உதிர்ந்து உதிர்ந்து, கழற்றி வைத்தால் கன்னமெல்லாம் கறுப்புப் பொடுகாக ஒட்டிக்கொண்டிருக்கும். மைக்கின் முனையில் இருந்த ஸ்பாஞ்சில் பல வருடத்துச் சம்பால் சட்னியும் எச்சிலும் ஊறிக் கிடந்தன. சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தங்கச்சி, அதுலதான் நம்ம ராசி இருக்கு" என்றார் அண்ணன். ராசியா? கிருமி என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் என்று நான் சொல்வது எங்கள் வானொலிக் குழுவின் தலைவரை. பினாங்குத் தீவின் பாலிக் புலாவில், டுரியான் பழத்தோட்டத்து மேட்டில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் சுழலும் ஆன்டெனா. நாங்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பரீட்சை எழுதி, உரிமம் எடுத்து, எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புக்குறி ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேசுகிறவர்கள். வருடத்துக்கு ஒரு தடவை பெரிய போட்டி ஒன்று வரும். சனிக்கிழமை காலையில் தொடங்கி திங்கட்கிழமை காலைவரை எத்தனை நிலையங்களோடு பேச முடியுமோ அத்தனையோடும் பேசிவிட வேண்டும். பேச்சு என்றால் பசியாறிவிட்டீர்களா, பிள்ளைகள் சுகமா என்று கேட்பதெல்லாம் இல்லை. உன் சிக்னலுக்கு நான் ஒரு மதிப்பெண் தருவேன், என் மண்டலத்தின் எண்ணைச் சொல்வேன். நீயும் அப்படியே சொல்வாய். நன்றி, அடுத்த ஆள் வா. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த மதிப்பெண் இருக்கிறதே, அது பச்சைப் பொய். ஐந்து ஒன்பது என்பது முழு மதிப்பெண். கணீரென்று பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று அர்த்தம். ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல் முனகுவான். இவர்கள் அவன் குறியை மறுபடி, மறுபடி என்று கேட்டு உயிரை எடுத்துவிட்டு, கடைசியில் "ஃபைவ் நைன்" என்பார்கள். அவனும் "ஃபைவ் நைன்" என்பான். உலகம் முழுக்க எல்லாரும் எல்லாருக்கும் இதையேதான் சொல்கிறார்கள். கணினியே அந்த இடத்தில் ஐந்து ஒன்பது என்று முன்கூட்டி நிரப்பி வைத்திருக்கும். வேறு எண் சொன்னால் எதிராளிக்குக் கோபம் வரும்.

இதை நானாவிடம் ஒருநாள் கேட்டேன். நானா எங்கள் குழுவின் இரண்டாவது ஆள். ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். போட்டி நாள்களில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு பானைக் குழம்போடு வந்து இறங்குவார்.

"அது ஒரு மரியாதைக்குச் சொல்றது லா" என்றார் நானா. "கடைக்கு வர்ற ஆளுகிட்ட சாப்பாடு எப்படின்னு கேட்டா, நல்லா இருக்குன்னுதானே சொல்வான்?"

"உங்க கடையில நான் அப்படிச் சொல்ல மாட்டேன் நானா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தக் குழுவில் எனக்குக் கொஞ்சமாவது பிடித்த ஆள் அவர்தான்.

நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடி. அங்கே ஆன்டெனா வைக்க இடமில்லை. பால்கனியில் துணி காயப்போடும் கம்பத்தோடு ஒரு செப்புக் கம்பியைக் கட்டி வைத்திருக்கிறேன். லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் ரேடியோ கொரகொரவென்று இரையும். அதனால்தான் அண்ணன் குழுவில் சேர்ந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பொழுது சாயத் தொடங்கும் நேரத்தில் பினாங்கிலிருந்து ஐரோப்பாவுக்கு வழி திறக்கும். அதுவரை ஊமையாய்க் கிடந்த அலைவரிசையில் திடீரென்று நூறு பேர் ஒன்றாகக் கத்துவார்கள். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்துப் பேசவேண்டும். சந்தைக் கூட்டத்தில் நம் வீட்டாள் குரலைப் பிடிக்கிறோமே, அதே வேலை. எனக்கு அது நன்றாக வரும் என்று தெரியும். உட்கார விட்டால்தானே?

நான் சேர்ந்த வருடம், போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உன் கொரலு நல்லா கிளியரா இருக்கு. கொஞ்சம் ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? தொண்டை கட்டிக்காம இருக்கும்ல, எல்லாருக்கும் ஒத்தாசையா இருக்கும்."

எல்லா நிலையங்களிலும் இந்த வழக்கம் உண்டு. இரண்டு நாள் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தால் தொண்டை புண்ணாகிவிடும்; ஆகவே அழைப்பை மட்டும் பதிந்துவைத்துக்கொண்டு, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி ஒலிக்க விடுவார்கள். பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர் தன் குரலையே பதிந்துகொள்வார். நான் பெருமையோடு போனேன். எதிரொலி வரக்கூடாது என்பதற்காக அக்காவின், அதாவது அண்ணன் மனைவியின், சேலை அலமாரியைத் திறந்துவைத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். போட்டி அழைப்பு, ஐந்து ஒன்பது, மண்டல எண், "மறுபடி சொல்லுங்கள்", "நன்றி" எல்லாம் ஆயிற்று. அதோடு விட்டாரா? ஏ, பி, சி என்பதற்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துகள் அத்தனையும், சுழியிலிருந்து ஒன்பது வரை எண்கள் அத்தனையும், நடுவில் வந்தால் ஒரு தொனி, கடைசியில் வந்தால் ஒரு தொனி என்று இரண்டிரண்டாகச் சொல்லச் சொன்னார். கணினியில் அந்தக் கோப்புகளுக்குப் பெயர் போட்டு அடுக்கி வைத்ததும் நானேதான். "நன்றி" சொல்லும்போது அடுக்களையில் குக்கர் விசில் அடித்துவிட்டது. திரும்பப் பதியலாம் என்றேன். "இருக்கட்டும் லா, லேசாத்தான் கேக்குது" என்றார்.

போட்டி தொடங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அழைப்பு மட்டும் இல்லை, முழுப் பேச்சும் என் குரல்தான். யாராவது பதில் சொன்னால் அண்ணன் அவன் குறியைத் தட்டெழுதுவார். கணினி என் எழுத்துத் துண்டுகளை ஒட்டுப்போட்டு அந்தக் குறியை என் குரலில் சொல்லும். பிறகு ஐந்து ஒன்பது, மண்டல எண், விசிலோடு ஒரு நன்றி. அண்ணன் வாயே திறக்கவில்லை. வாயில் கறிபாப் பலகாரம் இருந்தது.

"பொம்பள கொரலு கேட்டா ஐரோப்பாக்காரன் லைன்ல நிப்பான்" என்றார் நானா, என் முகத்தைப் பார்க்காமல். உண்மைதான், நின்றார்கள். வானொலி உலகத்தில் எந்த வயதுப் பெண்ணுக்கும் 'இளம் சீமாட்டி' என்றுதான் பெயர். நாற்பது தாண்டிய எனக்கும் அதே. "ஹலோ யங் லேடி", "அழகான குரல்" என்று குழைந்தார்கள். அதற்கெல்லாம் அண்ணன் பொத்தானை அழுத்தி என் குரலில் நன்றி சொன்னார். அறைக்குள் ஸ்பீக்கரில் நான் குழைந்துகொண்டிருந்தேன். அடுக்களையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மீசை வைத்த ஆம்பளை ஒருவர் என் வாயால் ஊர் ஆம்பளைகளிடம் இளித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசிற்று.

நாற்காலியைக் கேட்டேன். கொடுத்தார்கள், உச்சி வெயிலில், அலைவரிசை செத்துக் கிடந்த நேரத்தில். அழைத்தேன், அழைத்தேன், ஓர் ஆளும் வரவில்லை. மேசைக்கடியில் காலை நீட்டியபோது ஒரு மினரல் வாட்டர் பாட்டில் உருண்டது. உள்ளே மஞ்சளாக இருந்தது. எழுந்து போனால் நேரம் வீணாகும் என்று நாற்காலியிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் வீரர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், நம்பவில்லை. அலறிக்கொண்டு எழுந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, ஆளே வரலையா?" என்றார்.

"பேண்ட் செத்துப் போச்சு அண்ணே. இந்த நேரத்துல யாரு வருவா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஐரோப்பா திறந்தது. அவர் உட்கார்ந்துகொண்டார்.

மறு வருடம் போட்டிக்கு முன் அவரிடம் நேராகவே கேட்டேன். ஐரோப்பா திறக்கும்போது ஒரு மணி நேரம் நாற்காலி எனக்கு, சம்மதமா?

"பாக்கலாம் லா. நீ முதல்ல அக்காவுக்கு ஒத்தாசையா வா. போன வருஷம் தனியா சமாளிக்க முடியலன்னு சொல்லிச்சி."

"நான் உரிமம் எடுத்தது வெங்காயம் உரிக்கவா அண்ணே?"

"ஏன் கோவிச்சிக்கிற? டீமுன்னா எல்லா வேலையும்தான்."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டில் ஞாபகம் வந்ததும் வருத்தம் பாதி குறைந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து என் சின்ன ரேடியோவைத் திறந்தேன். பேட்டரியில் ஓடும் சாமான் அது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். லிஃப்ட் இரைச்சலுக்கு நடுவே மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் ஒரு பெண் போட்டிக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் அவள் ஒருவனுக்கு நன்றி சொன்னாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மலையே இருந்தும் அத்தனை பலமாகக் கேட்டது. சிக்னலைப் பெருக்க அண்ணன் வைத்திருந்த பவர் பெட்டிக்கு மலையெல்லாம் எம்மாத்திரம்? அதைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் மங்கும். யாராவது கேட்டால் மட்டும் "ஸ்மால் பவர்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார். நான் இல்லாமலே நான் பேசிக்கொண்டிருந்தேன். களைப்பில்லை, இருமல் இல்லை, கோபமும் இல்லை. குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வாயையும் கொப்புளித்தேன், ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சரி, நாமும் போட்டியில் இறங்குவோம் என்று என் சொந்தக் குறியில் அழைக்க ஆரம்பித்தேன். இத்தாலிக்காரர் ஒருவர் பலமாகக் கேட்டார். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திக் கூப்பிட்டேன். மலேசியா என்பது அவருக்குப் புரிந்தது, குரலும் புரிந்தது.

"ஆ, விசில் சீமாட்டி!" என்றார் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. "நாம் ஏற்கெனவே பேசிவிட்டோமே. உங்களை எழுதிவிட்டேன். நன்றி."

போட்டியில் ஒரு நிலையத்தோடு ஒரு தடவைதான் பேசலாம். இரண்டாம் தடவை பேசினால் மதிப்பெண் கிடையாது, நேரம்தான் நஷ்டம். நான் இல்லை, இது வேறு குறி என்று கத்தினேன். அவர் அதற்குள் ஜப்பான்காரர் ஒருவருக்கு ஐந்து ஒன்பது கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரோடு என் வாழ்க்கையில் நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் பேசி முடித்த கணக்கில் என்னைத் தள்ளிவிட்டார். நாற்காலிதான் போயிற்று என்று நினைத்திருந்தேன். இப்போது என் வாயைத் திறந்தாலே நான் போலி, அந்தக் கணினிதான் அசல் என்று ஆகிவிட்டது. அன்று நான் மறுபடி அழைக்கவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காடியை ஓட்டிக்கொண்டு பாலிக் புலாவுக்குப் போனேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என்ன திட்டவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் அக்கா நின்றிருந்தார்.

"வாம்மா. உன் கொரலு நேத்துலேருந்து வீட்டுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு, உன்னத்தான் காணோம். எனக்கே ஒரு மாதிரியா இருந்திச்சி. அவரு ஏதும் உன்கிட்டக் கேட்டாரா?"

"இல்லக்கா."

அக்கா உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "போ. போய் கேளு" என்றார்.

அறையில் அதே வாடை. ஏர்கோன் வாடை, வேர்வை, பழைய குழம்பு. ஐரோப்பா திறந்துவிட்டிருந்தது. நாற்காலியில் நானா, பக்கத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் மீ கோரேங் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் நான் ஒரு ஜெர்மன்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, என் கொரல அழிங்க."

"வா தங்கச்சி, பசியாறிட்டியா? அழிச்சிரலாம், போட்டி முடியட்டும்."

"இப்ப அழிங்க. நான் வரலன்னு சொன்னேன்ல? என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கணுமா? டீமுக்குத்தானே கொடுத்த. கொரலு என்ன தேஞ்சா போயிரும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது. அந்தக் கோப்புகளை அடுக்கி வைத்தவள் நான். எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நானாவின் தோளுக்கு மேலே கையை நீட்டி மௌஸைப் பிடித்தேன். நானா தடுக்கவில்லை; நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளி வழிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆல்ஃபாவிலிருந்து விசில் நன்றிவரை ஒன்றாகப் பிடித்து அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அண்ணன் வாய் நிறைய மீ இருந்தபடியால் சத்தம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நானா பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அந்த அலைவரிசையில் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், வேறொருவன் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வான். அண்ணன் தட்டை எறியாத குறையாக வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கி, கமறிய தொண்டையோடு அழைத்தார். துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் இருந்தது. கூச்சல் சட்டென்று அடங்கியது. பிறகு ஒரு குரல் வந்தது, ஆங்கிலத்தில்.

"சீமாட்டி எங்கே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். "ஷி இஸ் டேக்கிங் ரெஸ்ட், சார்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவரோ மைக்கை என் பக்கம் நீட்டி, நானாவை எழுப்பிவிட்டு, நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "உக்காரு. நீதானே கேட்ட? உக்காந்து பேசு, ப்ளீஸ் லா, கூட்டம் போயிரும்."

உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக ஆசைப்பட்ட நாற்காலி அது. சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. ஸ்பாஞ்ச் உதட்டில் படாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் குறியைச் சொன்னேன். "நான்தான் அந்தச் சீமாட்டி. நீங்கள் இதுவரை கேட்டது பதிவு. என்னோடு நீங்கள் பேசியதே இல்லை. நான் இங்கே இருக்கவும் இல்லை" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

எதிர்முனையில் அந்த ஆள், "ஃபைவ் நைன், நன்றி, குட் லக்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணன் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா? உன் கதை யாருக்கு வேணும்? ஐரோப்பா தொறந்து கிடக்கு, நடத்து, நடத்து!"

அவர் சொன்னது சரி. யாருக்கும் வேண்டாம். ஹெட்போனில் நூறு பேர் என் குரலுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது நான் யாரென்று தெரியவேண்டிய அவசியமில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "நீங்களே உக்காருங்க அண்ணே, உங்க கொரலும் நல்லாத்தான் இருக்கு, ஃபைவ் நைன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நானா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அக்கா வாசல்வரை வந்து, என் கன்னத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பொடியை முந்தானையால் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. போட்டிக்காரர்கள் இரைந்துகொண்டிருந்த பகுதியைத் தாண்டி, ஓரமாக, யாரும் இல்லாத இடத்தில் என் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு அழைத்தேன். லிஃப்ட் ஏறியது, இறங்கியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு வயசான ஆள் பதில் சொன்னார். போட்டியில் இல்லாதவர் போல, அவசரமே படவில்லை. என் குறியை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடி என்றார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்து மட்டும் புரியவில்லை, மன்னிக்கவும், இன்னும் ஒரு தடவை என்றார். ஒவ்வொரு தடவையும் நானே சொன்னேன்.

"இப்போது பிடித்துவிட்டேன்" என்றார். "ரொம்ப மோசமாகக் கேட்கிறது அம்மா. மூன்று மூன்று. அதற்கு மேல் தரமுடியாது."